முனியம்மா நம்பர்

பேஸ்டிங்கில் வேலை செய்கிற பெண்களுக்குக் கைரேகை நிற்காது. நாள் முழுக்க ஷூவின் மேல்தோலில் சொல்யூஷன் தடவி ஒட்டுகிற வேலை. சாயங்காலம் விரலில் காய்ந்துபோன பசையைத் தின்னர் ஊற்றித் தேய்த்து உரிப்பார்கள். உரிக்கும்போது பசை மட்டுமா வரும்? சில வருஷத்தில் விரல் நுனி வழவழவென்று ஆகிவிடும். ரேஷன் கடை மிஷினில் வைத்தால் எடுக்காது, சிம் கார்டு விற்கிறவன் மிஷினில் வைத்தாலும் எடுக்காது. கட்டைவிரலை வைத்தால்தான் நீ யார் என்று ஒத்துக்கொள்வோம் என்று சட்டம் போட்டவர்கள், விரல் தேய்ந்தவள் எங்கே போவாள் என்று யோசித்தார்களா? அவர்களுக்கு என்ன வந்தது!

அதனால் ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிப் பெண்கள் அவர்களாகவே ஒரு வழி வைத்திருந்தார்கள். பேக்கிங் பிரிவில் இருப்பவளுக்கு விரல் கெடாது. ஷூவுக்குள் காகிதம் திணித்து டப்பாவில் வைத்து மூடுகிற வேலைதானே. பேஸ்டிங்காரிக்கு சிம் வேண்டுமென்றால் பேக்கிங்காரி கூட வந்து விரல் வைப்பாள். பேர் அவளுடையது, போன் இவளுடையது. இதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றியதே இல்லை. பஸ்ஸில் இடம் பிடித்து வைப்பதுபோல அதுவும் ஒரு ஒத்தாசை.

மாதனூர் கிரேஸி பேக்கிங்காரி. பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டுக்காரியான முனியம்மா பேஸ்டிங்காரி. முனியம்மாவுக்குப் புருஷன் இல்லை. ஒரே மகன் சூரியபிரகாஷ். பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தவனுக்கு திடீரென்று மனசு சரியில்லாமல் போனது. பாகாயம் மனநல ஆஸ்பத்திரியில் வைத்து வைத்தியம் பார்த்தாள். மாத்திரை சாப்பிட்டால் நன்றாக இருப்பான், விட்டால் கிளம்பிவிடுவான். கடைசியாகக் காட்பாடியில் ரயில் ஏறினவன் வீடு திரும்பவில்லை. ஆனால் போன் பண்ணுவான். அவனிடம் போன் கிடையாது. எந்த ஊர் ஸ்டேஷனிலாவது யாரிடமாவது கெஞ்சி வாங்கி, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பருக்கு அடிப்பான். ஒருநாள் விஜயவாடா என்பான், ஒருநாள் பேர் சொல்லத் தெரியாத ஊர். “நீ இருக்கியாம்மா?” என்று கேட்பான். “இருக்கேன்டா, வந்துடுடா” என்பாள். “வர்றேன்” என்று வைத்துவிடுவான். திரும்ப அந்த நம்பருக்கு அடித்தால் யாரோ இந்திக்காரன் எடுப்பான்.

முனியம்மாவின் உயிர் அந்த நம்பரில்தான் இருந்தது. இது கிரேஸிக்குத் தெரியும். பஸ்ஸில் எல்லாருக்குமே தெரியும். வேலை நேரத்தில் போனை கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால், மணி அடித்ததும் முனியம்மா ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து செக்யூரிட்டியே அவள் போனை முதலில் எடுத்து நீட்டுவான்.

அந்த சிம் கிரேஸி பேரில் இருந்தது. அது வாங்கின அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். சம்பள நாள் பார்த்து கம்பெனி வாசலில் குடை நட்டு சிம் விற்க வருவான் கோபி என்கிற பையன். சிம் கம்பெனி டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு ‘அக்கா, அக்கா’ என்று குழைவான். மகன் மனப்பாடம் பண்ணின பழைய நம்பர் சிக்னல் கிடைக்காமல் படுத்தியதால், நம்பரை மாற்றாமல் வேறு கம்பெனிக்கு மாற்றித் தருவதாகச் சொன்னான். முனியம்மா விரலை மிஷின் எடுக்கவில்லை.

“நான் வைக்கிறேன் வுடு, இன்னா இப்போ” என்று கிரேஸி முன்னால் வந்தாள்.

“அக்கா, ரேகை ஒழுங்கா உழல, இன்னொரு வாட்டி வைங்க. அய்ய, நெட்டு கட்டாயிட்ச்சு, இன்னொரு வாட்டி” என்று கோபி நாலைந்து தடவை அமுக்கச் சொன்னான். கிரேஸி அமுக்கினாள். பஸ் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

அந்த ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு கனெக்‌ஷன் போட்டிருக்கிறான் பாவி. அதுவும் மாசக் கடைசியில் பில் வருகிற கனெக்‌ஷன். யாருக்கு விற்றானோ, எவன் பேசினானோ. கோபி அப்புறம் அந்தப் பக்கமே தலை காட்டவில்லை.

ஒரு வருஷம் கழித்து பில் கேட்டு போன் வர ஆரம்பித்தது. சென்னையிலிருந்து ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள். கிரேஸி ராங் நம்பர் என்று வைத்தாள். அடுத்து ஓர் ஆள் அதட்டினான். கிரேஸி அந்த நம்பரை பிளாக் செய்தாள். அவன் வேறு நம்பரிலிருந்து வந்தான். “நான் அந்த மாதிரி போனே வாங்கலீங்க” என்றால், “உங்க விரல் இருக்கு மேடம், உங்க போட்டோ இருக்கு” என்றான். புருஷனிடம் சொல்லலாமா என்று பலமுறை வாயெடுத்துவிட்டு விழுங்கினாள். சொன்னால் முனியம்மாவுக்கு விரல் வைத்த கதையும் வெளியே வருமே! அடுத்தவளுக்குப் பேர் கொடுத்தாயா என்று அவர் கேட்டால்?

புருஷன் கிருபானந்தம் தோல் பதனிடுகிற ஷாப்பில் ஆபீஸ் கிளார்க். சர்ச்சில் சபைக்குப் பொருளாளர். காணிக்கைப் பையில் கிழிந்த நோட்டு விழுந்தால் அதைத் தன் பையிலிருந்து மாற்றி வைக்கிற மனுஷன். நல்லவர்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் தான் நல்லவன் என்பதை நாலு பேர் சொல்லிக் கேட்பதில் அவருக்குக் கொஞ்சம் ருசி ஜாஸ்தி.

விளைச்சலில் ஒரு பங்கைக் கோவிலுக்குக் கொண்டுவந்து படைக்கிற அறுப்பின் பண்டிகை அன்று காலையிலிருந்து தூறல். கோவில் முன்னால் சாமியானா ஒழுகியது. பூசணி, வாழைத்தார், சேவல், வீட்டில் சுட்ட முறுக்கு என்று கொண்டுவந்து குவித்திருந்தார்கள். ஆராதனை முடிந்து அவற்றுக்கு ஏலம். மைக் கிருபானந்தம் கையில். ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு அவர் ஏலம் விடுகிற அழகைப் பார்க்கவே பக்கத்து ஊரிலிருந்து ஆள் வரும். பின்னால் பெண்கள் அண்டாவில் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தார்கள். கிரேஸி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, தோளில் பை மாட்டின ஓர் ஆள் நனைந்துபோய் உள்ளே வந்தான். வீடு பூட்டியிருக்க, யாரோ கோவிலுக்கு வழி காட்டியிருக்கிறார்கள்.

“இங்க கிரேஸி கிருபானந்தம்ன்றது யாரு?” என்று சத்தமாகக் கேட்டான்.

“இன்னா விஷயம் தம்பி?” என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார் கிருபானந்தம்.

“போன் பில்லு சார். ஏகப்பட்ட பாக்கி. நாலு கனெக்‌ஷன் வச்சினு ஒண்ணுக்கும் கட்டல. போன் பண்ணா பிளாக் பண்றாங்க. நான் கலெக்‌ஷன்லேர்ந்து வர்றேன்.”

மைக் எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்லியது. முன்வரிசையில் யாரோ ஒருவர் இருமினார். போதகர் ஐயா எழுந்து, “உள்ள ஆபீஸ்ல பேசிக்கலாம், வாங்க” என்று அந்த ஆளின் தோளைத் தொட்டார். கிருபானந்தத்தின் கையில் எலுமிச்சம்பழம் அப்படியே இருந்தது. கிரேஸி அப்பளக் கரண்டியோடு நின்றாள். பக்கத்திலிருந்த பெண்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க ரொம்பவும் கஷ்டப்பட்டார்கள். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது அவளுக்கு.

வீட்டுக்கு வந்ததும் கிருபானந்தம் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கேட்டார்.

“நாலு போன் எதுக்குமே உனக்கு?”

“சத்தியமா நான் வாங்கலங்க. சிம்மு வாங்கறப்போ அந்தப் பையன் விரல நாலு வாட்டி வச்சி எடுத்தான். அவன்தான் ஏமாத்திட்டான்.”

“எந்த சிம்மு? உன் சிம்மு நான்தான வாங்கிக் குடுத்தேன்?”

கிரேஸி அடுப்படிப் பக்கம் திரும்பினாள். “ஆஃபரு... சும்மா குடுத்தான்” என்றாள்.

“சபைப் பணத்தை வச்சினு இருக்கறவன் ஊட்டுக்கு பாக்கி கேட்டு ஆள் வர்றான். அவனவன் இன்னா நெனைப்பான்? நாளைக்கு லீவ் போடு. வேலூர் போலாம்.”

வேலூர் ஷோரூமில் குளிர் அடித்தது. டை கட்டின பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, கிரேஸி பேரில் இருக்கிற நம்பர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். கிருபானந்தம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒவ்வொரு நம்பருக்கும் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“இதுல உங்களோடது எது மேடம்? உங்களோடது இல்லன்னு சொல்ற நம்பரையெல்லாம் எழுதிக் குடுத்தா, கட் பண்ணிட்டு பில்லை நிறுத்தி விசாரிப்பாங்க. ஆனா உண்மையைச் சொல்லணும். நீங்களே வாங்கி அடுத்தவங்களுக்குக் குடுத்திருந்தீங்கன்னா அது குத்தம். அப்ப பில்லும் உங்க மேலதான் நிக்கும்.”

முதல் நம்பர் கிரேஸியுடையது. அடுத்த நான்கும் அவள் கண்ணால் காணாதவை. ஆறாவதாக அந்தப் பெண் படித்தது முனியம்மாவின் நம்பர்.

“இது ப்ரீபெய்டு. பாக்கி இல்ல. ரெகுலரா ரீசார்ஜ் ஆயினு இருக்கு. இது உங்களோடதா?”

ஒரு வார்த்தை. ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் பக்கத்தில் கிருபானந்தம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் இத்தனை நாள் மறைத்த பொய் ஒன்று அவிழ்ந்துவிடும். ‘குத்தம்’ என்ற சொல் வேறு காதிலேயே நின்றது.

“இல்லைங்க. அதுவும் என்னோடது இல்ல” என்றாள் கிரேஸி.

“பார்த்தியா, அஞ்சு போட்டிருக்கான் திருட்டுப் பய” என்றார் கிருபானந்தம். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்ததும் அவளுக்குக் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார். அவள் பாதி குடித்து மீதியை அவரிடமே கொடுத்துவிட்டாள்.

இத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டு நாள் கழித்து பஸ்ஸில் முனியம்மா போனை நீட்டினாள்.

“யக்கா, இங்கிலீஷ்ல இன்னாவோ போட்டுக்கினு கீறான் பாரு. காலைலேர்ந்து ரெண்டு வாட்டி வந்துச்சு.”

கிரேஸி படித்தாள். இந்த நம்பரை வைத்திருப்பவர் உடனே வந்து சரிபார்க்காவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று இருந்தது. பஸ் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. சொல்லிவிடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் முன் சீட்டில் சபைக்காரப் பெண்கள் இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள்.

“ஆஃபரு முனிம்மா. ஒண்ணும் இல்ல” என்றாள்.

“இவனுங்களுக்கு வேற வேலையே கெடையாது. சும்மா பேஜார் பண்றானுங்க” என்று முனியம்மா போனை இடுப்பில் செருகிக்கொண்டு, டப்பாவைத் திறந்து ஒரு வாய் களி உருட்டி, புளிச்சக்கீரையில் தொட்டுக் கிரேஸிக்குக் கொடுத்தாள். காலையில் சாப்பிடாமல் வந்தால் கிரேஸிக்குத் தலை சுற்றும் என்று அவளுக்குத் தெரியும். கிரேஸி வாங்கிச் சாப்பிட்டாள்.

அந்த வாரத்திலேயே போன் கம்பெனியிலிருந்து கிருபானந்தத்துக்கு மெசேஜ் வந்தது. புகார் ஏற்கப்பட்டது, பாக்கி எதுவும் இல்லை, சிரமத்துக்கு வருந்துகிறோம். அவர் அதைப் போதகர் ஐயாவிடம் காட்டினார். கமிட்டியில் ஒவ்வொருவரிடமும் காட்டினார். “ஞாயம்னு நின்னா ஜெயிக்கலாங்க. விடக் கூடாது” என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் புத்தி சொன்னார்.

முனியம்மாவின் போன் செத்துப்போனது.

முதல் நாள் சிக்னல் இல்லை என்று நினைத்தாள். மறுநாள் ரீசார்ஜ் கடை அஹமது பாஷாவிடம் போனாள். அவர் போட்டுப் பார்த்துவிட்டு, “இந்த நம்பரே இப்போ இல்லம்மா. யாரு பேர்ல கீதோ அவங்கள இட்டுனு போயி கேளு” என்றார். அவள் கிரேஸியிடம் வந்தாள்.

“ஒரு நாள் வந்துட்டுப் போக்கா. நீ சொன்னாதான் கேப்பானாம். அவன் அடிச்சிப் பார்த்துட்டு எடுக்கலன்னா பயந்துடுவான்க்கா.”

“ஓவர்டைம் போட்டிருக்காங்களே முனிம்மா. அடுத்த வாரம் போலாம்.”

அடுத்த வாரம் மழை என்றாள். அதற்கடுத்த வாரம் உடம்பு சரியில்லை என்றாள். முனியம்மா கெஞ்சுவதை நிறுத்திவிட்டு, செத்த போனை எடுத்து எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு ஹாலில் தட்டு கழுவுகிற இடத்தில் வைத்து, கிரேஸியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினாள். பில், ஏலம், ஷோரூம், தான் சொன்ன வார்த்தை, மறைத்த மெசேஜ்.

முனியம்மா குழாயை மூடினாள்.

“அன்னிக்கி மெசேஜ உன்கிட்டதானக்கா காட்டுனேன்?”

“ஆமா முனிம்மா.”

“அன்னிக்கி சாயங்காலம் அவன் போன் பண்ணான்க்கா. ரொம்ப நேரம் பேசுனான். நீ மட்டும் சொல்லியிருந்தா வேற நம்பர அவன் வாயால பத்து வாட்டி சொல்ல வச்சிருப்பேனே. பாஷா பாய் நம்பரு, உன் நம்பரு, எதையாச்சும். நான் உன்ன பில்லா கட்டச் சொன்னேன்? ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாக்கா உனக்கு?”

“வெக்கமா இருந்துச்சு முனிம்மா.”

“உன் வெக்கத்துக்கு என் புள்ளையா கெடச்சான்?” என்று முனியம்மா கத்தினாள். “நீயெல்லாம் ஒரு மனுஷியா? கோயிலுக்கு வேற போற. தூ!” ஹாலில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கிரேஸி தலையைக் குனிந்துகொண்டே நின்றாள்.

அன்றிலிருந்து முனியம்மா பஸ்ஸில் கடைசி சீட்டுக்குப் போய்விட்டாள்.

கிரேஸி புருஷனிடமும் சொன்னாள். கிருபானந்தம் கம்ப்ளெய்ன்ட் காப்பியைத் தேடி எடுத்து வைத்தார். மறுநாள் தானாகவே கிளம்பி அவளை ஷோரூமுக்கு அழைத்துப் போனார். அதே பெண் இருந்தாள்.

“நீங்கதான சார் உங்களோடது இல்லன்னு எழுதிக் குடுத்தீங்க? இப்போ உங்களோடதுன்றீங்க. அப்போ நீங்க குடுத்த கம்ப்ளெய்ன்ட்டே பொய்யின்னு ஆயிடும். பில் கேஸைத் திரும்ப ஓப்பன் பண்ணுவாங்க. எழுதிக் குடுக்கறீங்களா?”

கிருபானந்தம் பேனாவை வாங்கினார். ‘பொய்’ என்ற சொல்லை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. ஊருக்கெல்லாம் மெசேஜைக் காட்டினவர். பேனாவை மேஜையில் வைத்தார்.

“எழுதிக் குடுத்தா நம்பர் கண்டிப்பா கெடைக்குமா?”

“அத நான் சொல்ல முடியாது சார். கட் ஆன நம்பர் மூணு மாசம் சும்மா இருக்கும். அப்புறம் வேற யாருக்காவது போயிடும்.”

“நாம எழுதியும் கெடைக்கலன்னா?” என்று மனைவியிடம் கேட்டார். எழுதிக் கொடுங்கள் என்று அவளும் சொல்லவில்லைதான். “வா, போலாம்” என்றார். பஸ்ஸில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் காணிக்கை எண்ண உட்காரவில்லை, தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

முனியம்மா லீவு நாளெல்லாம் காட்பாடி ஜங்ஷனுக்குப் போக ஆரம்பித்தாள். பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு, விஜயவாடாப் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு வண்டியிலும் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியாகப் பார்த்துக்கொண்டு நடப்பாளாம். பார்த்தவர்கள் வந்து கம்பெனியில் சொன்னார்கள். கேட்கும்போதெல்லாம் கிரேஸிக்கு ஷூ டப்பா மூடி பொருந்தாது.

அவளால் முடிந்தது ஒன்றே ஒன்று. தினமும் கேட்டில் போன் கையில் வந்ததும் அந்த நம்பருக்கு அடிப்பாள். ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ என்று ஒரு பெண் குரல் சொல்லும். கேட்டுவிட்டு பஸ் ஏறுவாள். எப்படியும் யாருக்காவது போகும், போனதும் அவர்களிடம் கெஞ்சிச் சொல்லி வைக்கலாம் என்று ஒரு நப்பாசை. முனியம்மா தூர நின்று அதைப் பார்ப்பாள். பேச மாட்டாள்.

மழை போய், பனி போய், வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. இடையில் நாலைந்து நாள் அம்மை போட்டு கிரேஸி வேலைக்கு வரவில்லை, அடிக்கவும் இல்லை. திரும்பி வந்த அன்று சாயங்காலம் அடித்தபோது மணி போனது.

“ஹலோ, யாருங்க?” ஒரு இளம் பெண்ணின் குரல்.

“அம்மாடி, வச்சிடாதம்மா. இந்த நம்பரு உனக்கு எப்போ வந்துச்சு?”

“போன வாரந்தாங்க வாங்குனேன். நீங்க யாரு?”

“இதுக்கு முன்னாடி என் தோஸ்து வச்சினு இருந்தாம்மா. அவ புள்ள ஊரு ஊரா சுத்தறான். இந்த நம்பர் ஒண்ணுதான் அவனுக்குத் தெரியும். யாராவது அம்மான்னு கேட்டு போன் பண்ணா கட் பண்ணிடாதம்மா. என் நம்பர எழுதிக்கோ. அவன்கிட்ட சொல்லு.”

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஆன்ட்டி, முந்தாநேத்து ஒருத்தர் பண்ணாரு. எடுத்ததும் ‘நீ இருக்கியாம்மா’ன்னாரு. நான் ராங் நம்பர்னு வச்சிட்டேன். திரும்பத் திரும்பப் பண்ணாரு. இது என் நம்பர், இங்க உங்க அம்மால்லாம் யாரும் கெடையாதுன்னு கொஞ்சம் கோவமாதான் சொல்லிட்டேன். அப்போ அம்மா செத்துட்டாங்களான்னு கேட்டாரு. எனக்கு இன்னா சொல்றதுன்னே தெரியல. அழுதாரு ஆன்ட்டி. சரி, இனிமே பண்ண மாட்டேன்னு வச்சிட்டாரு. அந்த நம்பருக்கு நான் திரும்பப் பண்ணேன். ஒரு டீக்கடைக்காரர் எடுத்தாரு. அவரு அப்பவே எங்கியோ போய்ட்டாராம்.”

கிரேஸி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவள் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு முனியம்மா ஓடி வந்திருந்தாள். இத்தனை மாசத்தில் முதல்முறையாகக் கிரேஸியின் கையைப் பிடித்து உலுக்கினாள். வழவழத்த அந்த விரல்கள் சுட்டன.

“யக்கா, மணி போச்சா? யாருக்கா? இன்னா சொல்றாங்க? பண்ணானா?”

“பண்ணானாம்” என்றாள் கிரேஸி, போனை கட் பண்ணிவிட்டு.

“எப்போ?”

“முந்தாநேத்து.”

“ஐயோ, என் சாமி! இருக்கான்! இன்னா கேட்டான்? என்னக் கேட்டானா?”

“உன்னதான் கேட்டானாம். நீ நல்லா இருக்கன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சாம். சரி, இன்னொரு நாள் பண்றேன்னு வச்சிட்டானாம்.”

முனியம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் சிரித்தாள். செக்யூரிட்டியைக் கூப்பிட்டு, “எம் புள்ள போன் பண்ணானாம் அண்ணே” என்றாள். பஸ் ஹாரன் அடித்தது. அவள் கடைசி சீட்டுக்குப் போகவில்லை. கிரேஸியை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பஸ் பைபாஸில் ஏறியதும் மெதுவாகச் சொன்னாள்.

“அன்னிக்கி அத்தினி பேர் முன்னாடி உன்னக் கன்னாபின்னான்னு பேசிட்டேன். தூன்னு வேற சொல்லிட்டேன். பெத்த வயிறுக்கா, தாங்கல. மனசுல வச்சிக்காத. என்ன மன்னிச்சிடுக்கா.”

கிரேஸி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி முனிம்மா” என்றாள்.